புரட்டிய கல்

1984 தை மாதம், பொங்கல் முடிந்த வாரம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் பாசஞ்சர் ரயிலில் 23 பெண்கள் ஏறினோம். பதினான்கு பேர் தாவரவியல், ஒன்பது பேர் விலங்கியல். துணைக்கு இரண்டு ஆசிரியைகள், ஆய்வகப் பணியாளர் ஒருவர். சீட்டுக்கு அடியில் இரண்டு மரப்பெட்டிகள். அவற்றில் வாய் அகன்ற கண்ணாடிப் புட்டிகள், ஃபார்மலின் கேன், பழைய தினசரிகள், மை ஒற்றும் தாள்கள், துண்டு துண்டாகக் கிழித்த பழைய வேட்டி ஒன்று. வேட்டி எதற்கு என்று கேட்டதற்கு, "அங்க வந்து பாரு" என்று மட்டும் சொன்னார் எங்கள் தாவரவியல் மிஸ்.

எங்கள் வீட்டில் அதுவரை கடலைப் பார்த்தவர் தாத்தா ஒருவர்தான். அவரும் ராமேஸ்வரத்தில் தர்ப்பணம் கொடுக்கப் போனவர். "காலை நனைச்சுக்க, அதுக்கு மேல இறங்காதே" என்று அம்மா மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். அப்பா அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்து, மிஸ் நேரில் வீட்டுக்கு வந்து காபி குடித்துப் பேசிய பிறகுதான் போட்டார். பெண் பிள்ளைகளை மூன்று நாள் வெளியூர் அனுப்புவது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. அந்த ஒரு கையெழுத்துக்காக நான் இன்னமும் மிஸ்ஸுக்குக் கடன்பட்டவள்.

பாம்பன் பாலத்தில் ரயில் நடை வேகத்துக்கு வந்தது. 1914இல் திறந்த பாலம் அது. பக்கத்தில் சாலைப் பாலம் வந்தது 1988இல்தான். நாங்கள் போனபோது தீவுக்குள் போக ரயில் இல்லாவிட்டால் படகுதான். ஜன்னலில் முட்டி மோதிப் பார்த்தோம். இடது பக்கம் பாக் விரிகுடா கலங்கிச் சாம்பல் நிறத்தில் குதித்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் மன்னார் வளைகுடா அடித்தரை தெரிய அமைதியாகக் கிடந்தது. நடுவில் ஒரு பாலத்தின் அகலம்தான். மீனவர்கள் ஒன்றை வடகடல் என்றும் மற்றதைத் தென்கடல் என்றும் சொல்வார்கள் என்று எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்று கிளம்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். எந்தக் கடல் அடங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் படகையும் வலையையும் கொண்டுபோய்விடுவார்களாம். பருவக்காற்று பற்றிப் புத்தகத்தில் ஒரு பாடம் முழுக்கப் படித்திருந்தேன். அது ஜன்னலின் இரண்டு பக்கமும் தெரியும் என்று அந்தப் பாடத்தில் இல்லை.

பாம்பனில் ஒரு பழைய சத்திரத்தில் தங்கினோம். சத்திரத்துச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் கை வைத்தேன். கல் முழுக்க நட்சத்திரக் குழிகள். மிளகு அளவு குழி, அதற்குள் சக்கரத்தின் ஆரக்கால் போல மெல்லிய தகடுகள். ஆயிரக்கணக்கில், நெருக்கமாக, ஒன்றுகூடக் கோணாமல். "முருகைக்கல்லு" என்றார் சத்திரத்துக் காவல்காரர். கடலுக்குள் இருந்து வெட்டி எடுத்த பவளப்பாறை. அந்தக் கரையில் பழைய சுவர்கள் பலவற்றில் அந்தக் கல்தான். அதையே சூளையில் போட்டால் சுண்ணாம்பு. ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் உட்கார்ந்திருந்த இடம் என்று விலங்கியல் மிஸ் சொன்னபோது, நான் சாய்ந்திருந்த முதுகை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்னே குந்துகாலுக்கு நடந்தோம். பெட்டிகள் மாட்டு வண்டியில் வந்தன. 1897இல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் காலடி வைத்த கரை அது. எங்களுக்கு அன்று அது குருசடைத் தீவுக்குப் படகு ஏறும் துறை. எதிரே பார்த்தால் தெரிகிற தூரத்தில் தாழ்வாக ஒரு பச்சைக் கோடு. "அம்புட்டுத்தான் தீவு" என்றார் எங்கள் படகோட்டி, வத்தைக்காரர். அறுபது வயது இருக்கும். எங்களை எல்லாம் தாயி என்றுதான் கூப்பிட்டார். முந்தின நாள் பௌர்ணமி. "இன்னைக்கு நல்ல வத்தம் தாயி. தண்ணி எறங்கினா பாரெல்லாம் வெளிய தெரியும். ஏத்தம் வர்றதுக்குள்ள உங்க படிப்ப முடிச்சுக்கணும்" என்றார். பார் என்றால் அவர்கள் பேச்சில் கடலடிப் பாறைத்திட்டு. முத்துச்சிப்பி கிடக்கும் திட்டு முத்துப்பார்.

குருசடை சின்னத் தீவு. அரை நாளில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் விலங்கியல் படித்தவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். மதராஸ் அரசு அருங்காட்சியகம் 1927இலேயே இந்த ஒரு தீவின் கரையோர உயிர்களைப் பற்றி மட்டும் தனி வெளியீடு கொண்டுவந்தது. மீன்வளத் துறையின் ஆய்வு நிலையமும் அங்கே இருந்தது. அந்த வெளியீட்டின் ஒரு கிழிந்த பிரதியை விலங்கியல் மிஸ் பைக்குள் வைத்திருந்தார். தொடவிடவில்லை.

கரையில் இறங்கியதும் எங்கள் மிஸ் எல்லாரையும் உட்காரச் சொன்னார். "எழுந்திரிக்காம கைக்கு எட்டுற தூரத்துல என்னென்ன செடி இருக்குன்னு சொல்லுங்க." முதலில் எரிச்சலாக இருந்தது. கடல் முன்னால் கிடக்கிறது, இவர் மணலைப் பார்க்கச் சொல்கிறார். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. அலை எட்டும் விளிம்பை ஒட்டி ஆட்டுக்கால் குளம்பு போல இலை பிளந்த அடம்பங்கொடி ஊதாப் பூவோடு மணலைக் கட்டிப் படர்ந்திருந்தது. சங்கப் பாட்டில் வரும் அடும்பு. மனப்பாடப் பகுதியில் படித்த பூவை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அதற்கு மேலே இராவணன் மீசை. ஊசி ஊசியாக இலை. காய்ந்த பந்தைக் காற்று உருட்டிக்கொண்டு போகிறது. போகிற வழியெல்லாம் விதை விழுகிறது. அதற்கும் உள்ளே தண்டே இலையாகத் தடித்த உமரி. பத்தடிக்குள் மூன்று வரிசை. மூன்றும் உப்பை மூன்று விதமாகச் சமாளிக்கின்றன. எழுந்து ஓடியிருந்தால் மூன்றையும் மிதித்துக்கொண்டு போயிருப்போம்.

தீவின் உள்வளைவில் அலையாத்திக் காடு. வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்து நாக்கில் வைக்கச் சொன்னார் மிஸ். கரித்தது. வேர் இழுத்த உப்பை இலை வியர்வையாக வெளியே தள்ளுகிறது. பக்கத்தில் சுரபுன்னை வேறு வழி வைத்திருக்கிறது. உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். தாங்குவேர்களைச் சேற்றில் ஊன்றிப் பல கால்களில் நிற்கும் மரம். கிளையில் முருங்கைக்காய் மாதிரி தொங்கியதைக் காய் என்றுதான் நினைத்தோம். காய் இல்லை, நாற்று. விதை மரத்திலேயே முளைத்து, முழ நீளத்துக்கு வளர்ந்து, பிறகுதான் விழும். மற்ற மரங்கள் விதையை அனுப்புகின்றன, இது பிள்ளை பெறுகிறது என்றார் மிஸ். சேற்றில் கால் புதைய நின்றபடி அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. வகுப்பில் இதே பாடத்தை நடத்தியபோது அந்தக் குரல் வரவில்லை.

அதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. காலையில் கடலாக இருந்த இடம் இப்போது கணுக்கால் தண்ணீரும் கல்லும் குட்டையுமாகக் கிடந்தது. மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கடினப் பவளங்கள் இருப்பதாகப் பின்னாளில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அன்று எனக்கு எண்ணிக்கை தெரியாது. மான்கொம்பு மாதிரி ஒன்று, மூளை மடிப்பு மாதிரி ஒன்று, கவிழ்த்த சட்டி மாதிரி ஒன்று. சத்திரத்துச் சுவரில் செத்துப் பார்த்த குழிகள் இங்கே பழுப்பும் பச்சையுமாக உயிரோடு இருந்தன. பவளம் விலங்கு என்று பாடத்தில் இருக்கிறது. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது என்பதையும் அது வெயிலில் சமைத்துக் கொடுப்பதைத்தான் பவளம் பெரும்பாலும் உண்கிறது என்பதையும் அங்கே நின்றுதான் கேட்டேன். "பாதி நம்ம பாடம், பாதி அவங்க பாடம்" என்று மிஸ் விலங்கியல் மிஸ்ஸைக் காட்டினார். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வழுக்கும் பாறையில் நின்ற அந்தக் காட்சி அப்படியே கண்ணில் இருக்கிறது.

விலங்கியல் மாணவிகள் தேடி வந்தது பலனோகிளாசஸ். முதுகெலும்பு உள்ளவைக்கும் இல்லாதவைக்கும் நடுவில் நிற்கிற அரைநாணி. மீனுக்கு இருப்பது போலச் செவுள் பிளவுகள் கொண்ட புழு. அன்றைய விலங்கியல் மாணவர் எவரும் அதன் படத்தை வரையாமல் தேர்வைத் தாண்டியதில்லை. மணல் திட்டில் சின்னச் சின்னதாக இடியாப்பம் பிழிந்தது போல மணல் சுருள்கள் இருந்தன. மணலைத் தின்று சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அது வெளியே தள்ளிய அடையாளம். சுருளுக்குப் பக்கத்தில் கையால் தோண்டினார்கள். குப்பென்று ஆஸ்பத்திரி வாடை, புண்ணுக்குப் போடும் ஐயடோஃபார்ம் வாடை கிளம்பியது. அது அந்தப் புழுவின் வாடைதான். எடுக்க எடுக்க அறுந்தது. வெண்ணெய் மாதிரி உடம்பு. பதினைந்து இடத்தில் தோண்டி ஒன்றை முழுதாக எடுத்தார்கள். பதினான்கு அறுந்து போயின. முழுதாகக் கிடைத்ததற்குக் கைதட்டினோம்.

அதோடு நிற்கவில்லை. கறுத்த கடல் அட்டை மூன்றை வாளியில் போட்டார்கள். அந்தக் கரையில் யாரும் அதைச் சாப்பிடுவதில்லை, அவித்துக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள் என்று வத்தைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். வெயிலில் வாளித் தண்ணீர் சூடேறியது. கொஞ்ச நேரத்தில் ஓர் அட்டை தன் குடலை வெளியே தள்ளிவிட்டது. ஆபத்து வந்தால் அது செய்வது அதுதான். பிழைத்தால் திரும்ப வளர்த்துக்கொள்ளும் என்று விளக்கம் கிடைத்தது. எழுதிக்கொண்டோம். அதற்குப் பிழைக்க வழி கொடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை. நட்சத்திர மீன் ஆறு, சங்கு, சோழி, உடைத்தெடுத்த மான்கொம்புப் பவளம் என்று பெட்டி நிறைந்தது. ஆசிரியைகளைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எல்லாக் கல்லூரியும் அப்படித்தான் செய்தது. அதிகம் கொண்டுவந்தால் அதிகம் படித்ததாக அர்த்தம். பதிவேட்டுக்கும் மாதிரிகளுக்கும் மதிப்பெண் இருந்தது.

நானும் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பாசி ஒட்டிய தட்டைக் கல் ஒன்று, அம்மிக்கல் அளவு. இரண்டு கையாலும் நிமிர்த்தித் தள்ளினேன். அடிப்பக்கம் வேறொரு உலகம். மஞ்சள் பிசைந்து அப்பியது போலக் கடற்பஞ்சு. ஊதா நிறத்தில் பசை மாதிரி ஏதோ ஒன்று, அதில் ஊசி நுனிக் கண்கள். பாம்பு வால் போலக் கைகளை நெளித்து நழுவும் சின்ன நொறுங்கு நட்சத்திர மீன்கள் ஏழெட்டு. ஒரு சோழி தன் ஓட்டின் மேலேயே சதையைப் போர்த்திக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் போர்வை இரண்டு பக்கமும் மெல்ல இறங்கி உள்ளே போனது. போனதும் தெரிந்த ஓட்டுக்கு அப்படி ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்பு அந்தப் போர்வை இட்டது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ. போட்டது போட்டபடி அடுத்த கல்லுக்குப் போக எழுந்தேன்.

"பாப்பா."

திரும்பினேன். ஐந்து பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசல் சுற்றியிருந்தது. இடுப்பில் வலைப்பை. நாற்பது வயது மதிக்கக்கூடிய ஓர் அக்கா என்னை நோக்கி வந்தார்.

"அந்தக் கல்ல எடுத்த எடத்துலயே, எடுத்த மாதிரியே வச்சிரு பாப்பா."

"பார்த்துட்டு வச்சிரலாம்க்கா."

"வக்க மாட்டீங்க. வர்ற பிள்ளைக எல்லாம் பொரட்டிப் போட்டுட்டுத்தான் போகுது. மேல இருக்கது வெயிலுக்குப் பொறந்தது. கீழ இருக்கது நெழலுக்குப் பொறந்தது. மாத்திப் போட்டா ரெண்டும் செத்துப்போகும். அடுத்த வத்தத்துக்கு நாங்க வந்து பார்த்தா கல்லு மொட்டையா நிக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லும் குரலில் சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு கையைக் கல்லுக்கு அடியில் கொடுத்து, அது முன்பு பதிந்திருந்த பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்து, நகையில் கல் பதிக்கிற மாதிரி அதே பொருத்தத்தில் உட்கார வைத்தார். சோழியை நான் கையில் வைத்திருந்தேன். கல்லைத் தூக்கிப் பிடித்து, "அதையும் விடு" என்றார். விட்டேன்.

அன்று காலையில் அதற்கு முன்னே ஒரு டஜன் கற்களையாவது புரட்டியிருந்தேன். தேடிப் போனேன். அந்தக் கண்ணோடு பார்க்கிறபோது அவை தூரத்திலேயே தெரிந்தன. சுற்றிலும் பாசிப் பச்சை, நடுவில் மஞ்சளும் ஊதாவுமாக வானத்தைப் பார்த்து ஒரு கல். சிலவற்றில் கடற்பஞ்சு அதற்குள் வெளுக்க ஆரம்பித்திருந்தது. ஏழு கற்களைத் திருப்பி வைத்தேன். மற்றவை கிடைக்கவில்லை. ஏத்தம் முழங்காலுக்கு வந்துவிட்டது.

மதியம் அந்தப் பெண்கள் கரையில் எடுத்த பாசியைக் கொட்டி வகை பிரித்துக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நேரே அவர்களிடம் போய் மணலில் உட்கார்ந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் போல ஒரு வகுப்பு எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவர்கள் சொன்ன பெயர்கள் எங்கள் பாடத்தில் இல்லாதவை. பச்சரிசிச் சேவை போல நீண்டு கிளைத்தது கஞ்சிப்பாசி. அதைக் காய்ச்சிக் கஞ்சியாகக் குடிப்பார்கள். பாறையோடு ஒட்டிக் குட்டையாகச் செடி போல நிற்பது மரிக்கொழுந்துப் பாசி. கையில் எடுத்துப் பார்த்தால் பூக்காரி கூடையில் இருக்கும் மரிக்கொழுந்தேதான். பழுப்பு நிறத்தில் காற்றுப்பை வைத்து நீண்டு மிதப்பது கட்டக்கோரை. தடித்து மொறுமொறுவென்று முக்கோணத் தலைகளோடு இருப்பது பக்கோடாப் பாசி. மிஸ் ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் லத்தீன் பெயர் கேட்டார்: கிராசிலேரியா, ஜெலிடியெல்லா, சர்காசம், டர்பினேரியா. அக்காமார்கள் அதைச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். நாங்கள் அவர்கள் பெயரை நோட்டில் எழுதினோம். முதலில் எழுதியவர் மிஸ்தான்.

கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் எங்கே போகின்றன என்று கேட்டேன். "உங்க மதுரைக்குத்தான்" என்றார் அந்த அக்கா. மதுரைப் பக்கத்து ஆலைகளில் அதிலிருந்து அகர் எடுக்கிறார்கள். கீழவாசல் பக்கம் நான் குடித்த ஜிகர்தண்டாவில் வழுவழுவென்று கிடக்கும் கடல்பாசி அந்த அகர்தான். எத்தனை டம்ளர் குடித்திருப்பேன்! அது ஒரு பெண்ணின் விரல்நுனி கிழிந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. துணியை அவிழ்த்து விரலைக் காட்டினார். முருகைக்கல் கீறிய வெட்டுகள், சில ஆறி, சில வெளுத்து ஊறி. நுனியை மட்டும் கிள்ள வேண்டும், பிடியோடு பிடுங்கினால் அந்த இடத்தில் மறுபடி வராது என்று செய்து காட்டினார். பாசி பாறையைப் பற்றும் அடிப்பகுதியைப் பற்றி நாங்கள் பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்திருந்தோம்.

ராத்திரி சத்திரத்தில் வேட்டித் துணி எதற்கென்று தெரிந்தது. தட்டில் கடல் தண்ணீர் ஊற்றி, அதில் பாசியை மிதக்கவிட வேண்டும். கெட்டித் தாளை அடியில் நுழைத்து, தூரிகையால் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தண்ணீரை ஒரு பக்கமாக வடியவிட்டுத் தாளைத் தூக்கினால் பாசி படம் போலத் தாளில் படிந்துவிடும். மேலே வேட்டித் துணி, கீழும் மேலும் ஒற்றுத் தாள், அழுத்துவதற்குப் பலகை. பசை தேவையில்லை. பாசியின் பசையே ஒட்டிக்கொள்ளும். துணி போடாவிட்டால் மேல் தாளிலும் ஒட்டிக் கிழிந்துவிடும். அரிக்கேன் விளக்கில் நடு ராத்திரி வரை செய்தோம். அந்தப் பெண்கள் தங்கள் குவியலிலிருந்து எடுத்துக் கொடுத்த பாசிகள் அவை. மூன்றாம் நாள் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பினோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குருசடையைப் பார்த்த கண்ணுக்குத் தொட்டி ஏறவில்லை.

செங்கல் சிவப்பாக இருந்த நட்சத்திர மீன் மூன்று மாதத்தில் ஃபார்மலினில் சாம்பல் நிறமாகிவிட்டது. மான்கொம்புப் பவளம் எலும்பாக வெளுத்தது. பலனோகிளாசஸ் பஞ்சாகக் குழைந்து அடியில் படிந்தது. பாசித் தாள்கள் மட்டும் நாற்பது ஆண்டு கழித்தும் கிளை மாறாமல் இருக்கின்றன.

1986இல் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. சரியான முடிவு, தாமதமான முடிவும்கூட. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்குள். சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்ததும், அலையைத் தடுக்க ஆளில்லாமல் மணல் கரைந்தது. மரத்தின் பெயரை வைத்துக்கொண்டிருந்த ஒரு தீவு மூழ்கிவிட்டதைத் தாவரவியல் படித்தவளால் எளிதில் விழுங்க முடியவில்லை. 2001இல் பவளங்களுக்கும் கடல் அட்டைக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் கிடைத்தது. புலிக்கு உள்ள பாதுகாப்பு அந்தக் கறுப்பு அட்டைக்கும் கிடைத்தது.

நான் கல்லூரி ஆசிரியை ஆனேன். ஏறக்குறைய முப்பது வருடம் அதே கரைக்கு மாணவர்களைக் கூட்டிப் போனேன். 2016 கோடையில் போனபோது, பாதி நம்ம பாடம் என்று மிஸ் சொன்ன அந்தப் பாதி போயிருந்தது. கடல் சூடேறினால் பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். பாசி போனால் நிறம் போகும், சோறும் போகும். படகிலிருந்து குனிந்து பார்த்தால் அடித்தரை முழுக்கச் சத்திரத்துச் சுவர் போல வெள்ளை. போதாதென்று, வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைப் பவளங்கள் மேல் ஏறிப் போர்த்திக்கொண்டது. கடலில் இறங்கிக் கையால் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

பூங்கா வந்த பிறகு தீவுகளுக்குப் போக அந்தப் பாசி எடுக்கும் பெண்களுக்குத் தடை. தலைமுறையாகக் கிள்ளிப் பிழைத்தவர்களுக்கு அது பெரிய அடி. பாசியைக் காப்பாற்றுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே அத்துமீறியவர்கள் ஆனார்கள். ஆனால் அவர்கள் ஒடுங்கிப் போகவில்லை. சங்கம் வைத்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் உலக விருது அது. செய்தித்தாளில் படத்தைப் பார்த்தபோது, 1984இல் என்னைப் பாப்பா என்று கூப்பிட்ட அக்காவின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை என்பது உறைத்தது. ஒரு பாசிக்கு இரண்டு பெயர் எழுதிய நோட்டில் அவர் பெயர் இல்லை.

மாணவர்களைக் கூட்டிப் போகும் ஆசிரியர்களே, தயவுசெய்து கூட்டிப் போங்கள். காணொளி போதும் என்று இருந்துவிடாதீர்கள். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். பௌர்ணமி, அமாவாசை பார்த்து நாள் குறியுங்கள். புட்டியும் ஃபார்மலினும் வேண்டாம். ஒரு கைக்குட்டை, ஒரு பென்சில், ஒரு நோட்டு போதும். பாம்பனிலோ சின்னப்பாலத்திலோ பாசி எடுக்கும் ஒரு பெண்ணை அழைத்து, மணலில் உட்காரவைத்து, மாணவர்களை அவருக்கு எதிரே உட்காரச் சொல்லுங்கள். முதலில் அவர் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கிளம்பும்போது, அவர் அன்று கடலுக்குப் போகாததால் இழந்த ஒரு நாள் வருமானத்தைக் கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.